யாருடைய அன்பை யார் அடகு வைப்பது?

2011 மே மாதம் கிளாஸ்கோ நகரின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகம் 1 பவுண்டுக்குக் கைமாறியது. விற்றவர் டேவிட் மர்ரே, வாங்கியவர் கிரெய்க் வைட். கழகத்தின் தலைமேல் வங்கிக் கடன் சுமார் 1.8 கோடி பவுண்டு இருந்தது. அதை அடைப்பது வாங்குகிறவர் பொறுப்பு. வைட் அடைத்தார். பணம் வந்த வழி பிறகுதான் வெளியே தெரிந்தது. வரப்போகும் சில ஆண்டுகளின் சீசன் டிக்கெட் வருமானத்தை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்று, 2 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியிருந்தார். இன்னும் அட்டவணை போடாத ஆட்டங்களுக்கு, யார் யார் ஆடுவார்கள் என்றே தெரியாத அணியைப் பார்க்க, ரசிகர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள் என்பதுதான் அங்கே விற்பனையான சரக்கு. தங்கள் கழகம் ஒருவர் கைக்குப் போவதற்கான பணத்தை அந்தக் கழகத்தின் ரசிகர்களே, தங்களுக்குத் தெரியாமல், கொடுக்கவிருந்தார்கள். ஓராண்டுகூடத் தாங்கவில்லை, 2012 பிப்ரவரி 14 அன்று ரேஞ்சர்ஸ் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2017இல் வைட் மீதான மோசடி வழக்கு கிளாஸ்கோவில் நடந்தபோது, அவர் குற்றவாளி அல்ல என்று ஜூரிகள் சொன்னார்கள். அந்தத் தீர்ப்போடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்குக் குற்றம் எதுவும் படாத இடத்திலும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்தத் தவறு என்ன என்பதுதான் என் கேள்வி.

கழகங்கள் வரவுக்கு மீறிச் செலவழிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பேராசை என்பார்கள், அல்லது அகலக்கால் வைத்தார்கள் என்பார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் போதாது. தன் சொத்தைத் தானே அழிப்பவனை நாம் ஊதாரி என்கிறோம். அவனிடம் பரிதாபமும் கொள்கிறோம். கால்பந்துக் கழகத்தின் விஷயத்தில் அழிவது எது, அது யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். மளிகைக் கடை சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். கழகம் சரியில்லை என்பதற்காக ரேஞ்சர்ஸ் ரசிகர் ஒருவர் போட்டிக் கழகமான செல்டிக்கின் ரசிகர் ஆவதில்லை. அவரால் முடியாது. பெரும்பாலும் தந்தையிடமிருந்தோ தெருவிடமிருந்தோ வந்துசேர்ந்த பற்று அது. அவர் தேர்ந்தெடுத்ததுகூட அல்ல. விட்டுப் போக முடியாத இந்த அன்புதான் கழகத்தின் ஆகப் பெரிய சொத்து. எந்த ஐந்தொகையிலும் அது ஏறுவதில்லை, ஆனால் கடன் கொடுப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய், சோஷலிச நாடுகளின் அரசு ஆலைகளைப் பார்த்து, எவ்வளவு நட்டப்பட்டாலும் யாரோ வந்து தூக்கிவிடுவார்கள் என்று தெரிந்த நிறுவனத்துக்கு வரவு செலவின் கட்டு இளகிப்போகும் என்றார். அங்கே தூக்கிவிட அரசு இருந்தது. கால்பந்தில் அந்த இடத்தில் நிற்பவர் ரசிகர். கழகம் சாக அவர் விடமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே மிகைச்செலவின் வேர் வெறும் கணக்குப் பிழை அல்ல. ஒருவருடைய அன்பை, அவரைக் கேட்காமல், மற்றொருவர் ஈடாக வைப்பது.

லீட்ஸ் யுனைட்டெட் கதை இங்கிலாந்தில் பழமொழியாகவே ஆகிவிட்டது. பீட்டர் ரிட்ஸ்டேல் தலைவராக இருந்த காலம் அது. 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டை 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அதுவரை உலகில் யாரும் கொடுத்திராத விலை. 2001 வசந்தத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போய் வலென்சியாவிடம் தோற்றார்கள். அதே சீசனில் உள்நாட்டு லீகில் நான்காம் இடம். அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீகில் ஆடும் தகுதி லிவர்பூலுக்குப் போனது, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் போட்டியில் இருப்போம் என்ற கணிப்பின்மேல் செலவுத் திட்டம் நின்றது. அந்த ஒரு புள்ளிக்குப் பிறகும் கை சுருங்கவில்லை. வருங்கால நுழைவுக் கட்டணத்தை ஈடு வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். பிறகு சரிவு வேகமாக வந்தது. 2002இல் ஃபெர்டினாண்ட் ஏறத்தாழ 3 கோடிக்கு மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் போனார். 2004இல் கழகம் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு எலண்ட் ரோடு மைதானமும் பயிற்சித் திடலும் விற்கப்பட்டன. 2007இல் திவால் நிர்வாகம், மூன்றாம் நிலை லீக். மீண்டும் மேலே வர 16 ஆண்டுகள் ஆயின. தலைவர் அறையில் வாடகைக்கு வாங்கி வைத்திருந்த தங்கமீன்களுக்கு ஆண்டுக்கு 240 பவுண்டு போனதைப் பத்திரிகைகள் எழுதி எழுதிச் சிரித்தன. தங்கமீன் எந்தக் கழகத்தையும் மூழ்கடித்ததில்லை. ஊதாரித்தனத்தின் அடையாளமாகச் சின்னதொன்று கிடைத்தால் பெரியதைக் கேள்வி கேட்கும் வேலை நமக்கு மிச்சமாகிறது, அவ்வளவுதான்.

சரிவு தொடங்கியபின், கனவை வாழ்ந்தோம் என்ற பொருளில் ரிட்ஸ்டேல் பேசியது ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அந்த மொழியில் அதைச் சொல்வது எளிது, ஏனென்றால் அங்கே தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வருகிறவர் நின்று யோசிக்க வேண்டும்: நாமா, நாங்களா? கையெழுத்துப் போட்டவர்கள் 'நாங்கள்'. மைதானத்தில் குதித்துக் கூத்தாடியபோது 'நாம்'. கட்ட வேண்டிய நாள் வந்தபோது அங்கே நின்றவர்கள் இந்த இரண்டிலும் அடங்காதவர்கள். 2001இல் பள்ளிக்கூடம்கூடப் போகாத, ஆனால் 2007இல் மூன்றாம் நிலை லீகைப் பார்க்க அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு.

இவ்வளவு புத்திசாலிகள் ஏன் இதைச் செய்கிறார்கள்? திருக்குறளில் வரவு செலவைப் பற்றிய குறட்பாக்கள் சில, சிக்கனம் பேசும் இடத்தில் இல்லாமல், 'வலியறிதல்' என்ற அதிகாரத்தின் கடைசியில் இருக்கின்றன. போருக்குப் புறப்படும் அரசன் தன் வலியையும் மாற்றான் வலியையும் எடைபோடுவதைப் பேசும் அதிகாரம் அது. செலவும் ஒரு போர்க்கணக்கே என்று வள்ளுவர் கருதியிருக்க வேண்டும். கால்பந்தில் இது அப்படியே பொருந்துகிறது. செல்டிக் 5 பவுண்டு செலவழித்தால் நாங்கள் 10 செலவழிப்போம் என்று மர்ரே ஒருமுறை சொன்னார். அந்தப் பேச்சில் ரேஞ்சர்ஸின் வருமானம் எங்கேயும் வரவில்லை, எதிரி மட்டுமே வருகிறான். லீகில் கடைசியில் எந்த இடம் கிடைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது ஓர் அணி கொடுக்கும் மொத்தச் சம்பளம்தான் என்று பொருளியலாளர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி பல ஆண்டுக் கணக்குகளை வைத்துக் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் செலவழிப்பது முட்டாள்தனம் அல்ல. அது வேலை செய்கிறது. ஆனால் 20 அணிகளும் அதையே செய்தால் முதலிடம் ஒன்றுதான், கடைசி மூன்று இடங்கள் மூன்றுதான். எல்லாரும் எக்கி நின்றால் யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரிவதில்லை. கால் மட்டும் வலிக்கிறது. இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் பல சீசன்களில் கழகங்களின் மொத்த வருமானத்தைவிட வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் கொடுத்த சம்பளமே அதிகம். பிரீமியர் லீகுக்கு ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள். ஆண்டுக்கு மூன்று அணிகள்தான் ஏற முடியும்.

முதல் மறுப்பு இப்படி வரும்: ரசிகர்கள்தானே இதைக் கேட்டார்கள்? வீரர்களை வாங்கு, வாங்கு என்று கூச்சலிட்டவர்கள் அவர்கள்தானே? சம்மதம் இருக்கும்போது துரோகம் எங்கே? இதற்குப் பலர் சொல்லும் பதில், கழகத்தை ரசிகர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், பிறகு பொறுப்பு வந்துவிடும் என்பது. நானும் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன், பார்சிலோனா மட்டும் இல்லாதிருந்தால். அதற்குத் தனி முதலாளி கிடையாது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்குச் சொந்தமான கழகம், தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று கோப்பைகள் வென்ற 2015இல் ஜோசப் மரியா பார்த்தொமேவை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2017இல் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸுக்குப் போனார். வந்த பணம் டெம்பெலே, கொட்டீன்யோ என்ற இரண்டு வீரர்களுக்குப் பறந்தது, அவர்கள் இருவர் விலையும் சேர்ந்தால் வந்ததைவிட அதிகம். 2021 ஆகஸ்டில் புதிய தலைவர் லப்போர்த்தா கணக்கைத் திறந்து காட்டியபோது கடன் 135 கோடி யூரோ. சம்பளச் சுமை வருமானத்தில் 103 சதவீதம். சிறுவனாக வந்து சேர்ந்த மெஸ்ஸி கண்ணீரோடு வெளியேறினார். அதன் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். 2022இல் ஸ்பானிய லீகின் தொலைக்காட்சி வருமானத்தில் தங்கள் பங்கின் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்தக் கோடையில் வந்த வீரர்களில் ஒருவர் லெவன்டோவ்ஸ்கி, வயது 33. அடுத்த ஆண்டு லீகை வென்றார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் 2022இல் பிறந்த ஒரு குழந்தை வளர்ந்து, உறுப்பினராகி, வாக்குரிமை பெற்று, தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் தொலைக்காட்சிப் பணத்தில் கால் பங்கு வேறு கைக்குப் போய்க்கொண்டிருக்கும். இன்றைக்கு வாக்களிப்பவர்களும் ஒரு தரப்புதான். அவர்களுடைய சம்மதம் அவர்கள் அன்பை மட்டுமே கட்டுப்படுத்த முடியும்.

இந்த இடத்தில் நம் கோயில் கல்வெட்டுகளில் வரும் ஒரு தொடர் எனக்கு உதவுகிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு ஒன்று வைக்க விரும்பியவர்கள் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். ஆடுகளை இடையர் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்கின்றன. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், மூப்படையும், குட்டி போடும், மந்தை தொடரும். எண்ணிக்கை மட்டும் என்றைக்கும் 96. நெய்யை அளந்தது போக மீதிப் பால் இடையருக்கு; ஆட்டை விற்றுத் தின்பது அவர் உரிமை அல்ல, கோயில் சபையாரின் உரிமையும் அல்ல, கொடுத்தவருடையதும் அல்ல. ஓர் உடைமை யாருக்கும் முழுச் சொந்தமாகாமல், பயன் மட்டும் எல்லாருக்கும் போய்ச்சேர ஓர் ஏற்பாடு. கால்பந்துக் கழகங்களை நடத்துகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ரேஞ்சர்ஸ் 1872இலிருந்தும் இங்கிலாந்தின் பரி கழகம் 1885இலிருந்தும் இருக்கிறது என்று ரசிகர்கள் பெருமையோடு சொல்லும்போது, அவர்கள் சொல்வது ஏறத்தாழ இதுதான்: ஆடுகிறவர்கள் மாறுவார்கள், பார்க்கிறவர்கள் செத்துப் போவார்கள், மந்தை இருக்கும். ஓராண்டின் நெய்யை அந்த ஆண்டே தாராளமாக ஊற்றிப் பெருஞ்சுடர் ஏற்றலாம். அதில் அறப்பிழை எதுவும் இல்லை. ஆட்டைத் தொடும்போதுதான் கேள்வி எழுகிறது.

சரி, கழகங்கள்தான் சாவதில்லையே, பிறகு யாருக்கு என்ன நட்டம் என்பது அடுத்த மறுப்பு. வலுவான மறுப்பு. 1923இல் இங்கிலாந்து லீகில் இருந்த 88 கழகங்களில் 85, 2007-08 சீசனிலும் உயிரோடு இருந்தன என்று எழுத்தாளர் சைமன் கூப்பரும் ஷிமான்ஸ்கியும் எடுத்துக்காட்டினார்கள். வேறெந்தத் தொழிலிலும் இப்படி ஓர் ஆயுள் இல்லை. ஆனால் ஒன்று சாகவில்லை என்றால் அதற்குப் பதிலாக யாரோ இழந்திருக்கிறார்கள் என்பதே பொருள். போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரீமியர் லீக் கழகமும் அதுவே. இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு: திவாலான கழகம் வீரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் தர வேண்டியதை முழுமையாகத் தந்தாக வேண்டும், இல்லையென்றால் லீகில் இடம் இல்லை. மிச்சம் இருப்பதில்தான் வரித்துறைக்கும் மற்ற எல்லாருக்கும் பங்கு. போர்ட்ஸ்மத்தில் மற்றவர்களுக்கு முன்வைக்கப்பட்டது பவுண்டுக்கு 20 பென்ஸ். அந்தக் கடன்காரர் பட்டியலில் மைதானத்தில் முதலுதவிக்கு நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. கோப்பையை வென்ற வீரர்களுக்கு முழுச் சம்பளம், மயங்கி விழுந்தவரைத் தூக்கியவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. வரித்துறை இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டு 2012இல் தோற்றது. இவர்கள் யாரும் கனவு காணச் சொல்லிக் கூச்சலிட்டவர்கள் அல்ல. அதோடு, சாவதே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. இரண்டுமுறை எஃப்.ஏ. கோப்பை வென்ற பரி கழகம் 2019 வசந்தத்தில் அடுத்த மேல்நிலை லீகுக்கு ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய சீசனில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல், லீகிலிருந்தே நீக்கப்பட்டது. ஏற்றத்தை வாங்கித் தந்த சம்பளத்தைக் கொடுக்கப் பணம் இல்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். துணிந்து செலவழிக்காமல் சிறிய கழகம் பெரியதாவது எப்படி? கட்டுப்பாடு என்ற பெயரில் நீங்கள் இருக்கிறவனுக்கு வேலி போட்டுக் கொடுக்கிறீர்கள் என்பார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் நிதி ஒழுங்கு விதிகளைக் கொண்டுவந்தபிறகு, 2011இல் 170 கோடி யூரோ மொத்த நட்டத்தில் இருந்த முதல்நிலைக் கழகங்கள் 2017இல் 60 கோடி யூரோ லாபத்துக்கு வந்தன. கணக்குப் புத்தகம் அழகானது. ஆனால் உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை வாக்கு தரும் விதியைக் கொண்ட ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது. நிதானம் சமத்துவத்தைத் தருவதில்லை, இதை ஒப்புக்கொள்கிறேன். தண்டனையும் நேர்மையாக விழுவதில்லை. 2023 நவம்பரில் எவர்டனுக்கு 10 புள்ளிகள் வெட்டினார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது; செலவழித்தவர்கள் நிர்வாகிகள், புள்ளியை இழந்தவர்கள் மழையில் நின்று பார்த்தவர்கள். அடகு வைத்தவனை விட்டுவிட்டு அடகுப் பொருளை அடிப்பது போல இருக்கிறது.

ஆனால் என் வாதம் துணிவுக்கு எதிரானது அல்ல. ஒருவர் தன் கைப்பணத்தை முழுதாக முன்கூட்டியே இறக்கி, தான் நாளை இல்லாவிட்டாலும் ஒப்பந்தச் சம்பளங்கள் தீரும்படி பூட்டி வைத்துவிட்டுச் சூதாடினால், அது அவர் சூது. தோற்றால் அவர் தோல்வி. சிக்கல் என்னவென்றால் வள்ளல்கள் அப்படிக் கொடுப்பதில்லை. ஸ்காட்லாந்து எல்லையில் சுமார் 3,000 பேர் வாழும் கிரெட்னாவின் கழகத்தை புரூக்ஸ் மைல்சன் தன் பணத்தால் உயர்த்தினார். 2006இல் ஸ்காட்டியக் கோப்பை இறுதிக்குப் போய்ப் பெனால்டியில் தோற்றார்கள். 2007இல் நாட்டின் உச்ச லீகை எட்டினார்கள். 2008இல் அவர் உடல்நலம் குன்றியது, பணம் நின்றது, கழகம் அந்த ஆண்டே கலைந்தது. அவர் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் மூச்சோடு கட்டிப்போட்ட தானம், தானம் அல்ல; மாத வாடகை. கடன் வாங்குவதே பிழை என்றும் நான் சொல்லவில்லை. ஆர்சனல் 2006இல் திறந்த எமிரேட்ஸ் மைதானத்துக்கு 39 கோடி பவுண்டு ஆனது, பெருமளவு கடனில்தான் கட்டினார்கள். 2005க்கும் 2014க்கும் இடையே ஒரு கோப்பையும் வரவில்லை, ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் கடனைக் கட்டிய தலைமுறை உட்கார அங்கே ஓர் இருக்கை இருந்தது. 33 வயது முன்கள வீரரின் சம்பளத்தில் 2047இன் ரசிகர் உட்கார எதுவும் இல்லை. ஆட்டை விற்று ஆட்டுப்பட்டி கட்டுவதும், ஆட்டை விற்று ஒருநாள் தீபாவளி கொண்டாடுவதும் ஒன்றல்ல.

2025 ஜூலையில் நிறைவேறிய இங்கிலாந்துக் கால்பந்து நிர்வாகச் சட்டம், ஒழுங்காணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கழகம் தன் மைதானத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்கிறது. லீட்ஸ் கதைக்குச் சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு, செங்கல்லும் புல்லும் முழுக்க முதலாளியின் சொத்தல்ல என்பதைச் சட்டம் கண்டுகொண்டது. அந்த இருக்கைகளில் உட்கார வருகிறவர்களின் வருகை யாருடையது என்பது சட்டத்துக்கு இன்னும் பிடிபடாத பொருள்.

ரேஞ்சர்ஸில் 1899இல் பதிவான நிறுவனம் 2012இல் கலைப்புக்குப் போனது. முன்பணம் கொடுத்த டிக்கெட்டஸுக்கும் அதோடு பெரும் நட்டம். சொத்துகளை 55 லட்சம் பவுண்டுக்கு வேறொரு குழு வாங்கியது, ஆனால் அணி நான்காம் நிலை லீகிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. செத்தது நிறுவனமா கழகமா என்று ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் செல்டிக் ரசிகர்களும் இன்றுவரை சண்டையிடுகிறார்கள். அவர்களை அறியாமல் அவர்கள் நடத்துவது ஒரு தத்துவ விவாதம். 2012 ஆகஸ்டில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற சிறிய அணியோடு முதல் சொந்த மைதான லீக் ஆட்டம். அன்றைக்கு ஐப்ராக்ஸ் மைதானத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் 49,118 பேர். ஸ்காட்லாந்தின் நான்காம் நிலை லீக் அதுவரை கண்டிராத கூட்டம். கழகம் வாழ்கிறது என்பதற்கு ரசிகர்கள் காட்டும் சான்று அதுதான். கடன் கொடுப்பவர் ஒருவர் அதே எண்ணைப் படித்தாலும் முகம் மலர்ந்திருப்பார்.